நல்ல தண்ணீரில் ஐந்து சொட்டு

என் மனைவிக்கு வாசனை திரும்பி வந்த நாள் எங்கள் வீட்டில் கொண்டாட்டமாகத்தான் தொடங்கியது. ஊரடங்குக் காலத்துக் காய்ச்சலில் அவளுக்கு எந்த வாசனையும் தெரியாமல் போயிருந்தது. மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் சரியானது, அவளுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு நாள் காலையில் கருப்பட்டிக் காபி போட்டவள் டம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அன்று மாலை நான் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தேன்.

"ஏங்க, அங்கனயே நில்லுங்க," என்றாள்.

வாசலில் நின்றேன். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

விஷயம் என்னவென்றால், அந்த இரண்டு வருடத்துக்குள்தான் நான் கருவாட்டு வியாபாரத்துக்கு வந்திருந்தேன். அதற்கு முன் பாத்திரக்கடை. எவர்சில்வருக்கு வாடை கிடையாது. நாங்கள் பனங்காட்டுப் பக்கத்து ஆட்கள். கடலில் நான் கால் நனைத்தது திருச்செந்தூரில் மட்டும்தான், அதுவும் முருகனுக்காக. ஆனால் தூத்துக்குடியில் இருந்துகொண்டு எத்தனை நாள்தான் குடம் விற்பது? நெத்திலி, சாளை, திருக்கை என்று மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கி, நாள் முழுக்க அவற்றின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் ஒரு முணுமுணுப்பு இல்லை. பொறுமையான பெண்ணைத்தான் கட்டியிருக்கிறோம் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அன்றிரவு அவள் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். ஹாலில் காற்று நன்றாக வருகிறதாம். அதற்குப் பிறகு நான்கு மாதமாக அங்கே காற்று நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

என்னால் முடிந்ததை எல்லாம் செய்தேன். இரண்டு வேளை குளித்தேன். எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தேன், தோல் எரிந்தது. சட்டையைக் கடையிலேயே மாற்றிக்கொண்டு வந்தேன். அறையில் ஊதுபத்தி ஏற்றி வைத்தேன். வாசல்படியில் நின்று மோந்து பார்த்துவிட்டு, "கருவாட்டுக்குப் பூச போட்ட மாதிரி இருக்கு," என்று போய்விட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். உள்ளதைச் சொல்வது போலச் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருபத்து மூன்று வருடம் பக்கத்தில் ஒருத்தி குறட்டை விட்டுத் தூங்கிப் பழகியவனுக்கு, அந்தச் சத்தம் இல்லாத அறையில் தூக்கம் வரவில்லை. அவள் அறைக்குத் திரும்பி வர வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகளிடம் போனில், அம்மாவுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை என்று பாதி உண்மையைச் சொன்னேன். ஒரு வாரத்தில் பார்சல் வந்தது. உள்ளே சிறிய சொம்பு அளவில் வெள்ளையாக ஒரு மெஷின், கூடவே இரண்டு சின்ன பாட்டிலில் எண்ணெய்.

"டிஃப்யூசர்ப்பா. தண்ணி ஊத்தி, ஆயில் அஞ்சு சொட்டு விட்டு, சுவிட்சப் போடுங்க. பெட்ரூம் அப்படியே ரிலாக்ஸா ஆயிரும்," என்றாள் போனில்.

முதலில் லாவெண்டரைப் போட்டேன். தரை துடைக்கிற மருந்து வாடை என்று ஹாலிலிருந்தே தீர்ப்பு வந்தது. மறுநாள் எலுமிச்சைப்புல் எண்ணெய். மெஷின் நீல விளக்கை எரியவிட்டு, மேலே நீட்டியிருந்த தன் மூக்கு வழியாக மெல்லிசாகப் புகை விட்டது. அறையில் நல்ல மணம் பரவியது. ஹாலிலிருந்து எந்தத் தீர்ப்பும் வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் வாசல்படியில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றாள். ஐந்தாம் நாள் உள்ளே வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, துவைத்த துணிகளை மடித்தாள். ஹாலில் மடிக்கிற துணியை இங்கே வந்து மடிக்கிறாள் என்றால் அதற்கு அர்த்தம் இருக்கிறது. நான் பேப்பர் படிப்பது போல அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏழாம் நாள், மடித்த துணியை வைக்க பீரோவைத் திறக்கப் போனவள் கையை எடுத்துப் பார்த்தாள். விரலெல்லாம் வெள்ளை. பீரோ, கண்ணாடி, மேஜை, எல்லாவற்றின் மேலும் மெல்லிசாக வெள்ளை படிந்திருந்தது. சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாண போட்டோவில் இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது.

"பவுடரக் கொட்டுனியளா?"

நான் பவுடர் போட்டுப் பல வருடம் ஆகிறது. பீரோவின் மேல் விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். கருவாட்டுக்கடைக்காரனுக்கு எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிடும். உப்பு. நல்ல கரிப்பான உப்பு.

"எந்தத் தண்ணியப் போய் ஊத்துனிய?"

குளியலறைக் குழாயில் பிடித்த போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றினேன் என்றேன். வேறு எதை ஊற்றுவது? எங்கள் வீட்டில் தண்ணீர் இரண்டு சாதி. போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர், குளிக்க, துவைக்க, கழுவ. நாலு நாளைக்கு ஒரு தடவை தெருக்குழாயில் வருவது நல்ல தண்ணீர், குடிக்க, சமைக்க. அதைப் பிடித்து இரண்டு குடத்தில் நிரப்பி, மூடி போட்டு, அடுப்படி மூலையில் வைத்திருப்பாள். விருந்தாளியே வந்தாலும் கை கழுவ அதிலிருந்து ஒரு சொட்டு கிடைக்காது. ஒரு தடவை நான் வாய் கொப்பளிக்க எடுத்துவிட்டு, மூன்று நாள் பேச்சு வாங்கியிருக்கிறேன். அந்தத் தண்ணீரை ஒரு மெஷினில் ஊற்றிப் புகையாக விடுவது என்பது இந்த ஊரில் எவனுக்கும் தோன்றாது. மகள் தண்ணீர் என்றுதான் சொன்னாள், எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. அவளுக்குப் பெங்களூர் போய் எல்லாம் மறந்துவிட்டது.

என் மனைவி அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உப்பத் தூவி, ஃபேனப் போட்டு, ஒரு வாரமா காய வச்சிருக்கிய," என்றாள். "கருவாடு அப்படித்தான போடுவாவ?"

சிரிக்கவில்லை. துணியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னதில் தொழில் ரீதியாக ஒரு தப்பும் இல்லை. வாடையைப் போக்குவதற்காக ஒரு வாரம் என்னை நானே பக்குவமாகப் பதம் போட்டிருக்கிறேன். ஈரத்துணியால் அறை முழுவதையும் துடைத்தேன். போட்டோவைத் துடைக்கும்போது துக்கமாக இருந்தது. மெஷினைத் திரும்பப் பெட்டியில் போட்டு, பீரோ மேல் தூக்கி வைத்தேன். இனிமேல் இதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் கடையை அடைத்துவிட்டு வந்து, குளித்து, அறைக்குள் போனேன். மெஷின் மேஜை மேல் இருந்தது. உள்ளே பொருக்குத் தட்டியிருந்த உப்பையெல்லாம் யாரோ சுரண்டிக் கழுவியிருந்தார்கள். வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் கிடையாது.

அவள் ஒரு சொம்போடு வந்தாள்.

"எந்தத் தண்ணி?" என்றேன்.

"நல்ல தண்ணி."

"நாளைக்குக் குழாய்ல வருமா?"

"வராது. நாளக்கழிச்சுதான்."

"குடத்துல எவ்வளவு கெடக்கு?"

அவள் சொம்பைச் சாய்த்து, சிந்தாமல், மெஷினுக்குள் போட்டிருந்த கோடு வரைக்கும் ஊற்றினாள்.

"அஞ்சு சொட்டா?"

"அஞ்சு."

எண்ணி விட்டாள். நீல விளக்கு எரிந்தது. ஹாலுக்குப் போய்த் தலையணையை எடுத்து வந்து கட்டிலில் தன் பக்கத்தில் போட்டாள். படுத்து, இரண்டு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"வாட அடிக்கத்தான் செய்யுது," என்றாள்.

"அடிக்கத்தான் செய்யும்," என்றேன்.

கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

காலையில் காபி அரை டம்ளர்தான் வந்தது. அவள் டம்ளரிலும் அரைதான் இருந்தது. அடுப்படி மூலையில் நல்ல தண்ணீர்க் குடம் சாய்ந்திருந்தது. குடித்துவிட்டுக் கடைக்குப் போனேன்.