கிளியின் காலடியில் ஒரு புள்ளி

2007இல் பண்ருட்டியில் ஒரு முந்திரி கம்பெனிக்கு நான் வக்கீல். எங்கள் கிளி முத்திரையைப் போலியாக அச்சிட்டுக் காடாம்புலியூரில் ஒருவன் பருப்பு அடைக்கிறான் என்று தகவல் வந்தது. போலீசில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. கடலூரிலிருந்து அடியாட்களை அழைத்துக்கொண்டு போனேன்.

அவன் வீட்டுக் கதவை உடைத்தார்கள். விழுந்த முதல் அடியிலேயே அவன் வாயில் ரத்தம் வந்தது.

"சார், உங்க குடோன்லேருந்து குடுத்த கவரு சார்! தோலுரிச்சி அடைச்சித் தரச் சொன்னாங்க!"

"கத வுடுறான் பாரு. மச்சான், அந்தக் கையப் புடி" என்றான் அடியாட்களில் ஒருவன்.

உலக்கையால் அவன் வலக்கை விரல்களை நசுக்கினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் மனைவி கவர்க் கட்டு ஒன்றை என் முகத்தில் எறிந்தாள். "கண்ணு இருந்தா பாருய்யா!"

பார்த்தேன். கிளியின் காலடியில் சிறு புள்ளி இருந்தது. போலியைக் கண்டுபிடிப்பதற்காக எங்கள் கவர்களில் நானே வைக்கச் சொன்ன புள்ளி அது. சீசனில் தோலுரிக்க வீடுகளுக்குப் பருப்போடு கவரையும் கொடுத்தனுப்புவது குடோன் வழக்கம். அதை நான் யாரிடமும் கேட்டதில்லை.

முந்திரித் தோல் உரிக்க விரல்கள் வேண்டும். அவனுக்கு அவை பிறகு மடங்கவே இல்லை. தப்பி ஓடும்போது விழுந்தான் என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.