உம் கொட்ட வைத்த முருகன்

கந்தனை நம்பியிருக்கும் எல்லாருக்கும், டெல்லி துவாரகாவிலிருந்து செண்பகவல்லி எழுதுகிறேன். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். போன மார்கழியில் என் கணவரின் உயிர் ஜப்பானில் ஓர் ஆஸ்பத்திரியில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட எனக்குத் துப்பில்லை. அந்த நேரத்தில் முருகன் செய்த உதவியை வெளியே சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள்.

அவர் பெயர் முத்துக்குமார். கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து ஜப்பான் போனார். நான் இங்கே ஏர்போர்ட்டில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அவர் கிளம்பும்போது, பாஷை படித்துவிட்டு நீயும் வந்துவிடு என்றார். அதற்காகத்தான் பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். வேலை முடிந்து மெட்ரோ பிடித்து, ராஜீவ் சௌக்கில் வண்டி மாறி, வகுப்பில் போய் உட்காரும்போதே பாதி உயிர் போயிருக்கும். ஆனாலும் போனேன். அந்தப் பாஷைதான் அவரிடம் போகும் வழி என்று நினைத்துக்கொண்டேன்.

பிரிவு என்பது பழகிப்போகும் என்று சொல்கிறவர்கள் பிரிந்து இருந்ததில்லை. நான் காலையில் அவர் ஊரில் மழையா என்று போனில் பார்த்துவிட்டுத்தான் இங்கே துணி காயப்போடுவேன். அங்கே மழை என்றால் ஏனோ எனக்கும் கொடியில் துணி போட மனம் வராது. அவர் பேசி அனுப்பும் வாய்ஸ் மெசேஜை வந்தவுடன் கேட்க மாட்டேன். மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பேன். ஒரு நிமிஷப் பேச்சை துவாரகா வரைக்கும் இழுத்து வைத்துக்கொள்ளத் தெரியும் எனக்கு.

முதல் வருஷம் எழுத்தும் வாசிப்பும். வெளுத்து வாங்கினேன். இரண்டாம் வருஷம் இடைநிலை வகுப்பு, முழுக்கப் பேச்சு. அங்கேதான் என் குட்டு வெளிப்பட்டது. எங்கள் ஆசிரியை ஒரு ஜப்பான்காரம்மா. சென்செய் என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் இரண்டு நாற்காலிகளை முதுகுக்கு முதுகாகப் போட்டு, இருவரை உட்காரவைத்து, போனில் பேசுவதுபோலப் பேசச் சொல்வார். என் ஜோடி ரித்திகா என்ற டெல்லிப் பெண். அவள் பேசுவாள், நான் ஒரு வார்த்தை தவறாமல் காதில் வாங்கிக்கொண்டு கம்மென்று இருப்பேன். அவள் பாதியில் நிறுத்திவிட்டு, "தீதி, லைன் கட் ஹோ கயீ க்யா?", அக்கா, லைன் போய்விட்டதா என்று ஹிந்தியில் கேட்பாள். வகுப்பே சிரிக்கும்.

ஜப்பானில் ஒருவர் பேசும்போது கேட்பவர் நடுநடுவே 'ஹை' (ஆமாம்), 'அப்படியா' என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். அதற்கு ஐஸுச்சி என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். சும்மா இருந்தால், ஆள் போய்விட்டது, இல்லையென்றால் கோபம் என்று அர்த்தம். சென்செய் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். எனக்கு வரவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வாய் திறந்தால் தொடையில் கிள்ளு வாங்கி வளர்ந்தவள் நான். மரியாதையாகக் கேட்பது என்றால் வாயை மூடிக்கொண்டு கேட்பது. இதில் என்ன தப்பு என்று எனக்கு உள்ளூர எரிச்சல்கூட.

டிசம்பர் கடைசி வாரம். அவருக்கு வயிற்று வலி. வாயு என்று சீரகத் தண்ணீர் குடித்துச் சமாளித்திருக்கிறார். குடல்வால் வெடித்து, வேலையிடத்திலேயே சுருண்டு விழுந்துவிட்டார். ஆபரேஷன் நடந்தது. உடம்பெல்லாம் விஷம் பரவிவிட்டது என்று மூச்சுக்குக் குழாய் போட்டு, தூங்க மருந்து கொடுத்து வைத்திருந்தார்கள். முதல் நாள் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் போனில் எல்லாம் சொன்னார். மறுநாளிலிருந்து அங்கே புதுவருஷ விடுமுறை. அந்த ஊரே கதவைச் சாத்திவிடும்போல. மொழிபெயர்ப்பாளர் போனை எடுக்கவில்லை. கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். விசா ஆபீசும் மூடிக் கிடந்தது. என்னால் கிளம்பவும் முடியாது.

வார்டிலிருந்து ஒரு நர்ஸ் அழைத்தார். இங்கிலீஷ் அவருக்கு வரவில்லை. மெல்லப் பேசினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒரு சொல்லைத் தவறவிட்டாலும் என் கணவரையே தவறவிட்டதுபோல ஒரு பயம். நான்கு வார்த்தை பேசுவதற்குள் நர்ஸ் நிறுத்தி, "மோஷி மோஷி? மோஷி மோஷி?" என்றார், நம் ஹலோ ஹலோதான். நான் பதில் தேடி எடுப்பதற்குள் வைத்துவிட்டார். நான் திரும்ப அழைத்தேன். அதே கதை. கேட்கிறதா, கேட்கிறதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, மன்னிப்புச் சொல்லி வைத்துவிட்டார். இரண்டு வருஷப் படிப்பு விழலுக்கு இறைத்த நீர்போல ஆயிற்று. கட்டிலில் விழுந்து அழுதேன். அழுவதற்கும் பக்கத்தில் ஆள் இல்லை.

மறுநாள் காலை பனியில் எதிரே வரும் ஆள் தெரியவில்லை. டெல்லியிலேயே குன்றின்மேல் இருக்கும் நம் முருகன் கோயிலுக்குப் போனேன். பக்தியாகப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சண்டை போடத்தான் போனேன். "ஒனக்கு ரெண்டு பக்கமும் ஆளு இருக்கு. எனக்கு இருக்கது ஒரே ஆளு. அவுகள கூட்டிட்டு வந்து விடு. இல்ல, என்னயக் கொண்டுபோய் அங்க விடு" என்று சன்னதியில் வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஊமைப் பிள்ளைக்குப் பேச்சுக் கொடுத்தவன் அவன் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதையும் ஞாபகப்படுத்தினேன்.

சாமி கும்பிட்டால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பது முறை. டெல்லிக்கு வந்தபின் நான் உட்கார்ந்ததே கிடையாது. ஜல்தி ஜல்தி என்று ஓடிவிடுவேன். அன்றைக்குக் கால் நகரவில்லை. பிராகாரத்துப் படியில் உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு படி கீழே இரண்டு தமிழ்ப் பெண்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. ஒருத்தி தன் நாத்தனார் செய்த அநியாயத்தைக் கொட்டிக்கொண்டிருந்தாள். மற்றவள் பூத் தொடுத்தபடி, தலைகூட நிமிராமல், "ம்... ம்... அடக் கடவுளே... ம்... பெறவு?" என்று உம் கொட்டிக்கொண்டே இருந்தாள். அந்த "ம்"மின் தைரியத்தில் இவள் அழாமல் முழுவதையும் சொல்லி முடித்தாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சென்செய் ஒரு வருஷமாகக் கேட்டது இதைத்தானே? இதைச் செய்யாத தமிழச்சி உண்டா? பெரியவர்களிடம் மட்டும்தான் நாம் வாயைக் கட்டிக்கொள்கிறோம். சொந்தக்காரியிடம் உம் கொட்டாமல் இருந்திருக்கிறோமா? அந்த நர்ஸை நான் அதிகாரியாக நினைத்துப் பயந்து நின்றிருக்கிறேன். அவரோ என் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கிற ஒரே மனுஷி.

அங்கேயே, அந்தப் படியிலிருந்தே போன் போட்டேன். அதே நர்ஸ். அவர் ஒரு வார்த்தை சொன்னார். நான் "ஹை" என்றேன். இன்னொன்று சொன்னார். "ஹை, ஹை" என்றேன். அவர் குரல் இளகியது. நான் குரல் கொடுக்காத இடத்தில் எனக்குப் புரியவில்லை என்று அவருக்கே தெரிந்து, அதை மட்டும் எளிதாக மாற்றிச் சொன்னார். ஜுரம் இறங்கவில்லை, மருந்தை மாற்றப்போகிறோம் என்றார். அப்புறம் ஒரு கேள்வி. அதைக் கேட்கத்தான் முதலிலேயே அழைத்தாராம். ஏதாவது மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாதா?

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான புதிதில் கோவில்பட்டியில் அவருக்குப் பென்சிலின் ஊசி போட்டு, முகமெல்லாம் வீங்கி, மூச்சு அடைத்து, பிழைத்ததே பெரிய பாடு. உடைந்த ஜப்பானியத்தில் அதைச் சொன்னேன். இலக்கணம் எல்லாம் எங்கே போயிற்றோ. இந்தத் தடவை அவர் "ஹை... ஹை" என்று எனக்கு உம் கொட்டினார். நடுவில் ஓடிப்போய் டாக்டரையே கூட்டிவந்தார். அன்றைக்கு மாற்றிக் கொடுக்கவிருந்த மருந்து அந்த வகைதான். நிறுத்திவிட்டு வேறு கொடுத்தார்கள்.

வைப்பதற்கு முன் நர்ஸ் தானாகவே ஒன்று கேட்டார். அவர் தூக்கத்தில் இருக்கிறார், ஆனாலும் காது கேட்கும் என்று நாங்கள் நம்புகிறோம், பேசுகிறீர்களா என்று. போனை அவர் காதில் வைத்தார்.

"என்னங்க, நாந்தான். பயப்படாதீங்க. இவுக சொல்லுததெல்லாம் எனக்கு வெளங்குது. நீங்க தனியாக் கெடக்கல."

அந்தப் பக்கம் மூச்சு மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனையோ நாள் கழித்து அவர் பக்கத்தில் இருந்ததுபோல இருந்தது.

பொங்கலுக்குள் குழாயை எடுத்துவிட்டார்கள். இப்போது எழுந்து நடக்கிறார், வேலைக்கும் போகிறார். நான் இன்னும் துவாரகாவில்தான் இருக்கிறேன். விசா வரவில்லை. ஏக்கம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் முருகனே சிரிப்பான். இன்றைக்குக்கூட அவர் ஊரில் மழை. ஆனால் இப்போது நான் யார் பேசினாலும் உம் கொட்டுகிறேன். ஆபீசில் ஹிந்தியில் புலம்பும் டிரைவருக்கும் கொட்டுகிறேன். மனிதர்கள் எவ்வளவு சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

நான் கேட்டது அவரை. முருகன் கொடுத்தது அவர் உயிரை. மிச்சத்தையும் கொடுப்பான், அதற்கும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களுக்கும் கஷ்டம் என்றால் அவனிடம் போய்ச் சண்டை போடுங்கள், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஆனால் கொட்டி முடித்ததும் என்னைப்போல எழுந்து ஓடிவிடாதீர்கள். படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அவன் பதில் சொல்லும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.