சைகோனில் ஆறு மாலைகள் ஆதித் திருச்சபை பற்றிப் பேசியதும், ஒரு மதியம் சாப்பிடாமல் இருந்ததும்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமான ஒருவன், மனைவியின் சம்மதத்தோடு, தன்னந்தனியாகக் கப்பலேற வேண்டுமானால் அதற்குத் தகுந்த காரணம் இருக்கவேண்டும். எனக்குக் கிடைத்த காரணம் ஆதித் திருச்சபை. அப்போஸ்தலர்கள் காலத்திலிருந்து முதல் முந்நூறு ஆண்டுகளில் நம் விசுவாசம் எப்படிப் பரவிற்று என்று தொண்ணூற்றிரண்டு பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். காரைக்காலில் இதைப் பேசியபோது நாலு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள்.

அந்த நிலையில்தான் ஞானப்பிரகாசத்தின் கடிதம் வந்தது. அவன் என் பள்ளித் தோழன். வெள்ளைக்காரன் காலத்திலேயே சைகோனுக்குக் குமாஸ்தாவாகப் போய், வியட்நாமியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவன். "இங்கே நம்ம பக்கத்து வேதக்காரர்கள் ஒரு இருபது குடும்பம் இருக்கிறோம். பிள்ளைகளுக்குத் தமிழும் மறந்துபோகிறது, வேதமும் மறந்துபோகிறது. எட்டு மாலை வந்து பேசு. சாப்பாடும் படுக்கையும் நம் வீட்டில்" என்று எழுதியிருந்தான். சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்கு, நான் வாத்தியாராக இருக்கும் பள்ளிக்கூடம் சாத்திய மறுநாளே கிளம்பிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பலில் எட்டு நாள். திறந்த மேல்தளத்தில் படுத்துப் போகும் டிக்கெட் போதும், ஆனால் சொந்தமாகப் பாய் கொண்டுபோங்கள். சிங்கப்பூரில் மூன்று நாள் காத்திருந்து, அடுத்த கப்பலில் இரண்டரை நாள். கடலிலிருந்து ஆற்றுக்குள் திரும்பியபின் சைகோன் துறை சேர ஐந்து மணி நேரமாகிறது. இரண்டு பக்கமும் சதுப்பும் புதருமாக ஆறு வளைந்து வளைந்து போகிறது. முதல் வளைவில் நான் சட்டையை மாற்றிக்கொண்டு கைப்பையோடு தயாராக நின்றேன். பதினேழாவது வளைவில் மறுபடி உட்கார்ந்தேன்.

துறையிலிருந்து வீடு சுமார் இரண்டு கிலோமீட்டர். சிக்லோ என்றால் நம் சைக்கிள் ரிக்‌ஷாதான், ஆனால் பயணி முன்னால், மிதிப்பவர் பின்னால். எதிரே வரும் லாரியை முதலில் சந்திக்கும் மரியாதை நமக்கு. வண்டிக்காரர் இரண்டு கையையும் மூன்று முறை விரித்துக் காட்டினார். முப்பது பியாஸ்தர், அந்த ஊர்க் காசு. நான் ஒரு முறை விரித்தேன். அவர் சிரித்து, என் தொந்தியைச் சுட்டிக்காட்டி, தன் தொடையைத் தட்டிக் காட்டினார். இருபதுக்கு முடிந்தது. மொழி தெரியாத ஊரில் இவ்வளவு தெளிவாக என்னை யாரும் விமர்சித்ததில்லை.

ஞானப்பிரகாசத்தின் வீடு பென் தான் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில். த்ருவோங் டின் தெருவிலுள்ள நம் மாரியம்மன் கோயிலுக்கு அங்கிருந்து நடையில் ஏழு நிமிடம். இரண்டாம் நாள் காலை அந்தப் பக்கம் போனேன். வாசலில் வியட்நாமியப் பெண்கள் கட்டுக்கட்டாக ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மத விஷயம் என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, அங்கே கணக்கு பார்த்துக்கொண்டிருந்த செட்டியாரிடம் போனேன்.

"இவுங்களுக்கெல்லாம் யாருங்க பிரசங்கம் பண்ணினது?"

"யாரு பண்ணுவா? நமக்கு அவுக பாஷையே சரியா வராது" என்றார் அவர். "பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒண்ணு புள்ளைக்கு ஒடம்பு சரியில்லைன்னு வந்துச்சு. அப்புறம் அது அக்காவக் கூட்டியாந்துச்சு. அக்கா மாமியாளக் கூட்டியாந்துச்சு. நாங்க கதவத் தொறந்து வச்சிருந்தோம், அம்புட்டுத்தான்."

விசுவாசம் பரவியதற்கு நான் என் குறிப்பில் ஐந்து காரணம் எழுதியிருந்தேன்: ரோமைச் சாலைகள், கிரேக்க மொழி, கப்பல் வணிகம், கடிதங்கள், வேதசாட்சிகளின் இரத்தம். அக்காவும் மாமியாரும் அதில் இல்லை. செட்டியாருக்கு வரலாறு போதாது என்று முடிவு செய்துகொண்டு திரும்பினேன்.

வகுப்பு ஞானப்பிரகாசத்தின் வீட்டுக் கூடத்தில், மாலை ஐந்து முதல் ஆறரை வரை. மே மாதத்தில் அங்கே மூன்றரைக்கு மழை தொடங்கி ஐந்துக்கு நிற்கிறது. கடிகாரம் இல்லாதவர்கள் அதைப் பார்த்தே கிளம்பலாம். முதல் நாளே முப்பத்தைந்து பேர். கதவில் எட்டு நாள் தலைப்புகளையும் என் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தேன். நன்றாகவே பேசினேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. கோயில் கட்டடமே இல்லாத காலத்தில் ஆதிக் கிறிஸ்தவர்கள் வீடுகளில் கூடியதையும், அடிமையும் எசமானியும் ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்றதையும் நான் சொன்னபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஆனால் வகுப்பு முடிந்ததும் ஒரு வேடிக்கை நடக்கும். ஞானப்பிரகாசத்தின் மனைவி லான் தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவருவாள். எல்லாரும் புன்னகையோடு, "ஒரு சோடா போதும், மதாம்" என்பார்கள். சோடாவையும் கண்ணெதிரே மூடி திறந்துதான் குடிப்பார்கள். மூடியைத் திறக்கிறவன் ஞானப்பிரகாசம். பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் அவள் கை பட்ட எதையும் நம் குடும்பங்கள் சாப்பிட்டதில்லை என்று அவன் சொன்னான். காரணம் கேட்டால், அவள் சமையலில் ஊற்றும் மீன் சாறு வாடை ஒத்துக்கொள்ளாது என்பார்களாம். கருவாட்டுக் குழம்புக்குச் சொத்தை எழுதிவைக்கக்கூடிய ஜனங்கள்!

நான் அந்த வீட்டில் தங்கியிருந்ததால் எனக்கு அந்தப் பேச்சே இல்லை. லான் வைக்கும் புளிப்பு மீன் குழம்பில் தக்காளியும் அன்னாசியும் போட்டிருப்பாள். முதல் நாள் ஒரு கிண்ணம், மூன்றாம் நாள் மூன்று கிண்ணம். அவளுக்குக் காரைக்கால் தமிழ் நன்றாகவே வரும். ஞானப்பிரகாசம் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்த தமிழ் என்பதால் வசவுகளில் மட்டும் உச்சரிப்பு அப்பழுக்கில்லாமல் இருக்கும். "அண்ணே, வெக்கப்படாதீங்க, கொட்டிக்கங்க" என்று அன்போடு பரிமாறுவாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவர்களுக்கு ரோசலி என்று ஒரே மகள், பதினெட்டு வயது. வகுப்புக்கு வரும் அமலதாஸ் என்ற தபாலாபீசு எழுத்தர், காரைக்கால் பையன், அவளைக் கட்டிக்கொள்ள விரும்பினான். பையனுக்குத் தகப்பனார் இல்லை. முடிவு சொல்லவேண்டியவர் தாய்மாமன் சூசைநாதர். அவர் எங்கள் பங்குக் கோயிலில் முதல் வரிசை நாற்காலிக்காரர். இதற்கென்றே கப்பலேறி, என் நாலாம் வகுப்பன்று வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் லான் வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்மதம், நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் இல்லை. வேறு பேச்சு வேண்டியதில்லை.

லான் விடிகாலையிலேயே சந்தைக்குப் போய்வந்தாள். ரோசலி காலையிலிருந்து மூன்று முறை உடை மாற்றினாள். பன்னிரண்டரைக்கு சூசைநாதர் வந்தார். மேசையைப் பார்த்தார். குழம்பு, பொரித்த மீன், நண்டு, சோறு. பிறகு என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரு நம்ம ஊர்க்காரரு, வேதம் படிச்சவரு. அவரு ஒக்காந்தா நானும் ஒக்காறேன்" என்றார்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த ஒரு கணத்தில் என் மனதில் காரைக்கால் முழுவதும் ஓடிற்று. சூசைநாதர் ஊருக்குப் போய், "வாத்தியாருதான் மொதல்ல ஒக்காந்தாரு, நான் என்ன செய்ய?" என்று பூசை முடிந்து வாசலில் நின்று சொல்வார். வம்பு பேசியே வளர்ந்தவன் நான். அது எவ்வளவு வேகமாகப் போகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

"வயிறு சரியில்லீங்க" என்றேன். "ஒரு சோடா போதும்."

லான் என்னைப் பார்த்தாள். அன்று காலை ஏழு மணிக்கு அவள் கையால் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தவன் நான். அவள் பாத்திரங்களை ஒவ்வொன்றாக மூடினாள். சூசைநாதரும் ஒரு சோடா வாங்கிக்கொண்டார். ரோசலி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஞானப்பிரகாசம் இரண்டு சோடாவையும் திறந்தான். ஒன்றில் பாதி என் வேட்டியில் கொட்டிற்று.

சூசைநாதர் அப்போதே கிளம்பியிருப்பார், அன்று பார்த்து மழை மதியமே பிடித்துக்கொண்டது. ஐந்து மணிக்கு மற்றவர்களும் வந்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பு. கதவில் என் கையெழுத்தில் தலைப்பு தொங்கியது: "அந்தியோக்கியாவில் நடந்த சச்சரவு."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தியோக்கியா நகரத்துச் சபையில் யூதர்களும் யூதரல்லாதவர்களும் சேர்ந்து இருந்தார்கள். பிறரோடு ஒரே பந்தியில் உட்காருவது யூதர் வழக்கமில்லை. அப்போஸ்தலர்களுக்குத் தலைவரான இராயப்பர் அங்கே போனபோது எல்லாரோடும் ஒரே பந்தியில் சாப்பிட்டார். எருசலேமிலிருந்து தன் ஊர்க்காரர்கள் சிலர் வந்ததும், அவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். இன்னொரு அப்போஸ்தலரான சின்னப்பர் எல்லார் முன்னிலையிலும் அவரை நேருக்கு நேர் கண்டித்தார்.

தலைப்பை மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். நீரோவின் காலத்துச் சிங்கங்களுக்குத் தாவிவிட்டால் தப்பலாம். கதவில் ஒட்டிய காகிதம் விடவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு மோசமாக நான் பேசியதில்லை. பன்னிரண்டு பக்கத்தைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

அடுப்படி வாசலில் லான் நின்றுகொண்டிருந்தாள். ஆறு நாளில் அவள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

"அண்ணே, அப்புறம் அவரு சாப்ட்டாரா?"

"யாரும்மா?"

"அதான், ராயப்பரு. திட்டு வாங்கினாருல்ல. திரும்பி வந்து ஒக்காந்து சாப்ட்டாரா?"

குறிப்பைப் புரட்டினேன். சின்னப்பர் தான் கண்டித்ததை எழுதியிருக்கிறார். இராயப்பர் என்ன செய்தார் என்பது அதில் இல்லை.

"அது எழுதலைம்மா" என்றேன்.

"இத்தனை பக்கத்துல அத எழுதலையா?" அவள் குரலில் கோபம் இல்லை, உண்மையான ஆச்சரியம் இருந்தது. "சமைச்சவ காத்துக்கிட்டிருப்பாளே. அவளுக்கு என்ன சொன்னாங்க?"

நான் குறிப்பேட்டை மூடினேன்.

"லான், மத்தியானச் சோறு இருக்கா?"

"இருக்கு. நாய்க்குப் போடலாம்னு வச்சிருந்தேன்."

"எனக்குப் போடு. பொருத்தமாத்தான் இருக்கும்."

முதலில் ஞானப்பிரகாசம்தான் சிரித்தான். நான் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். லான் குழம்பைச் சுடவைக்கவில்லை. ஆறிப்போனதையே ஊற்றினாள், அதுவும் நியாயம்தான். முப்பத்தைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கச் சாப்பிட்டேன்.

சூசைநாதர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். "வாத்தியாரே, வயிறு சரியில்லைன்னீங்களே?"

"வயித்துக்கு ஒண்ணுமில்லீங்க. ஒங்களப் பாத்துப் பயம். ஊருல சொல்லுவீங்களேன்னு."

"என்னப் பாத்தா?" அவர் முகம் மாறிற்று. "நான் ஒங்களப் பாத்துல்ல பயந்தேன். நீங்கதான் ஊரு முழுக்கச் சொல்லுற ஆளு!"

கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, புரையும் ஏறிற்று. லான் தண்ணீர் கொடுத்துத் தலையில் தட்டினாள், தேவைக்கு மேல் கொஞ்சம் பலமாகவே.

சூசைநாதர் எழுந்தார். குடையைத் தேடுகிறார் என்று நினைத்தேன். அவர் லானிடம் போய் நின்றார். "தங்கச்சி, கை அலம்பத் தண்ணி எங்க இருக்கு?" என்றார்.

உள்ளறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

ஏழாம் எட்டாம் வகுப்புகள் நடக்கவில்லை. கூடம் முழுக்க, கல்யாணத்துக்காகப் பக்கத்துச் சோலோன் கடைவீதியிலிருந்து மொத்த விலைக்கு வாங்கிவந்த பாத்திரமும் துணியுமாகக் கிடந்தது. என் கடைசி இருபத்தாறு பக்கத்தை இன்றுவரை யாரும் கேட்கவில்லை. ஊருக்கு வந்ததும் ஐந்து காரணங்களுக்குக் கீழே ஆறாவதாகச் சமைத்தவர்களைச் சேர்த்தேன். அவர்களுடைய பெயர் எதுவும் எனக்குத் தெரியவில்லை என்பதையும் எழுதிவைத்தேன்.

போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தைகள். மே மாதம் போனால் குடை அவசியம். ஊருக்குள் சுற்ற ஒரு நாளைக்கு அறுபது பியாஸ்தர் தாராளம். வேதம் பேசப் போகிறீர்களானால் குறிப்பு நாற்பது பக்கத்துக்கு மேல் வேண்டாம். யார் வீட்டிலாவது சாப்பிடக் கூப்பிட்டால், பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் முதலில் நீங்கள் உட்காருங்கள். சூடாக இருக்கும்போது அந்த மீன் குழம்பு இன்னும் நன்றாக இருக்கிறது.