வால் வைத்த அடைப்பான்கள்

எங்கள் பெரியம்மாவைப் பற்றி விசாரிப்பவர்களுக்குக் குடும்பத்தில் மூன்று செய்திகள் தயாராக இருக்கும். கணவரை இளவயதிலேயே இழந்தவர், பிள்ளைகள் இல்லை, கண் பார்வை மங்கியதால் பட்டறை வேலையிலிருந்து நின்றுகொண்டார். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதைப் பல வீடுகளில் பல வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். எல்லோரும் ஒரே சொற்களில் சொல்வார்கள். நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்வதே மனித வழக்கம். ஒப்பிப்பதுபோல் ஒரே மாதிரி வந்தால், யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆகவே பெரியம்மா உயிரோடு இருந்தபோது அவரிடமும், அன்று பட்டறையில் வேலை செய்தவர்களிடமும், வெகுகாலம் கழித்து அவருடைய கொழுந்தனிடமும் தனித்தனியாகக் கேட்டேன். அவர்கள் சொன்னதில் ஒன்றோடொன்று பொருந்தியதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. பட்டறை, அவருடைய கணவரும் கணவரின் தம்பியும் சேர்ந்து தொடங்கியது. மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குகள் இன்ஜின் கவர்களைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பெயின்ட் உரிந்து, அலுமினியத்தில் வெள்ளை பூத்து, எண்ணெயும் சேறும் சேர்ந்து இறுகிப்போய் வரும் அந்தக் கவர்களின் பழைய பூச்சை நீக்கி, மணல் பீய்ச்சித் துலக்கி, புதுப் பூச்சு ஏற்றித் திருப்பித் தருவதுதான் தொழில். தொடக்கத்தில் வெறும் ஸ்பிரே பெயின்ட். நிறப்பொடியைத் தெளித்து ஓவனில் சுட்டு ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங் பிறகு வந்தது. ஓவனைக் கொழுந்தனே தகரம் வளைத்துச் செய்தார். அதன் கதவு சரியாக மூடாது. சூடேறும்போதெல்லாம் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைக்க வேண்டும். செங்கல்லுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: ‘வாட்ச்மேன்’.

கணவர் இறந்த பிறகு பெரியம்மா பட்டறைக்கு வரத் தொடங்கினார். "வீட்டுல உக்காந்து செவுத்தைப் பாக்கறதுக்கு இங்க வந்து கவரைப் பாத்துட்டுப் போறேன்" என்றாராம். ஆள் கிடைக்காத நேரம், கொழுந்தனும் மறுக்கவில்லை. டேப் ஒட்டும் மேசை அவருடையதாயிற்று.

இன்ஜின் கவரின் வெளிப்பக்கம் மட்டும்தான் அழகுக்கு உரியது. உட்பக்கம் முழுவதும் வேலைக்கு உரியது. இன்ஜினோடு ஒட்டி உட்காரும் விளிம்பில் பவுடர் ஏறினால் எண்ணெய் கசியும். திருகாணித் துளையில் ஏறினால் திருகாணி நுழையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சில கவர்களுக்குள் எண்ணெய் ஓடும் குறுகிய பாதை ஒன்று இருக்கும். அந்தப் பாதை அடைபட்டால் இன்ஜின் எண்ணெயின்றி ஓடி, சூடேறி, ஓட்டத்தின் நடுவிலேயே இறுகி நின்றுவிடும். ஆகவே பவுடர் தெளிப்பதற்கு முன் விளிம்புகளில் சூடு தாங்கும் டேப் ஒட்டி, துளைகளில் ரப்பர் அடைப்பான்களைச் செருக வேண்டும். ஓவனிலிருந்து வந்ததும் அத்தனையையும் பிடுங்கிவிட வேண்டும்.

பிடுங்க மறந்தால் என்ன ஆகும் என்ற பயம் பெரியம்மாவை முதல் வாரமே பிடித்துக்கொண்டது. கறுப்புத் துளைக்குள் கறுப்பு அடைப்பான் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அவர் ஒவ்வோர் அடைப்பானிலும் மெல்லிய செப்புக் கம்பி ஒன்றைக் கோத்து, மறுமுனையை வளையமாக முறுக்கினார். அடைப்பான் துளைக்குள் இருக்கும். கம்பி கவரின் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கும். பார்க்காதவன் கையிலும் தட்டுப்படும். சுவரில் ஒரு பலகை. அதில் ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் ஆணி. பலகைக்குக் கீழே, பெயின்ட் கரைக்கும் தின்னர் ஊற்றிய நீளத் தட்டு. பிடுங்கிய அடைப்பானை ஆணியில் மாட்டினால் கம்பி வெளியே நிற்கும், ரப்பர் தின்னரில் மூழ்கி ஊறும்; ஒட்டிய பவுடர் கழன்றுவிடும். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் அன்று எந்தக் கவரும் வாசலைத் தாண்டாது.

பட்டறையில் கம்பிக்கு ‘வால்’ என்றும் ரப்பருக்குத் ‘தலை’ என்றும் பெயர் நிலைத்தது.

"என்ன அண்ணி, கவருக்கெல்லாம் வால் முளைச்சிருக்கு?"

"உனக்கு முளைக்காத வரைக்கும் கவலையில்ல தம்பி. வேலையைப் பாரு."

கொழுந்தனுக்கு அந்த வால்கள் பிடிக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். கம்பியிலும் பவுடர் ஏறும், சுரண்ட வேண்டும். அடிக்கடி கம்பிகளைத் தரையில் போடுவார், பெரியம்மா கத்துவார். "எதை எடுத்தாலும் ஆணியில மாட்டு. கை ஒடிஞ்சா போயிடும்?" பெரியம்மாவின் நாக்கு இனிப்பானதல்ல. வேலையாட்கள் அவரை மதித்தார்கள். விரும்பினார்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் மெக்கானிக்குகள் கவரை மேசையில் வைத்துவிட்டு, "அக்கா பாத்துட்டாங்கன்னா நான் திருப்பிப் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு வாக்கியம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. அவருக்கு வேறு எதுவும் இல்லை என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

பட்டறைக்கு வரும் வேலையில் பாதியைக் கொண்டுவந்தவர் ஒரு மெக்கானிக். அவர் ஒரு நாள் கிளட்ச் கவர் ஒன்றைக் கொடுத்து, கண்ணாடிபோல் கறுப்பு வேண்டும் என்று கேட்டார். முதல் முறை ஓவனிலிருந்து எடுத்தபோது, விளிம்பில் வால் படிந்திருந்த இடத்தில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. பவுடர் கோட்டிங்கில் அங்கே மட்டும் ஒட்டுப்போட முடியாது. தேய்த்து, முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். கொழுந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். பெரியம்மா மறுபடி டேப் ஒட்டி, அடைப்பான்களைச் செருகிவிட்டு, பின்கட்டுத் தொட்டியில் மற்றக் கவர்களைக் கழுவப் போனார்.

அப்போது கொழுந்தன் செய்தது இது: கோடு விழ வைத்த வால் எண்ணெய்ப் பாதையின் அடைப்பானுடையது; அதைக் குறடால் வெட்டினார். அடைப்பான் துருத்திக்கொண்டு தெரியாமலிருக்க அதை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் துளைக்குள் அழுத்தினார். வெட்டிய வாலை அதற்குரிய ஆணியில் மாட்டினார். ஓவனிலிருந்து வந்ததும் அடைப்பானைத் தானே நோண்டி எடுக்க நினைத்தவர், பிறகு அதை மறந்துபோனார்.

ஏன் மாட்டினீர்கள் என்று நான் கேட்டேன். "கையில இருந்துச்சு. கீழ போட்டா கத்துவாங்க. ஆயுசுல அன்னிக்கு ஒரு நாள்தான் அவங்க சொன்னதைக் கேட்டேன்" என்றார். சிரிக்கத்தான் முயன்றார்.

கவர் ஆறியது. மெக்கானிக் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தொங்கிய வால்களைப் பிடுங்கி மாட்டினார். ஓர் ஆணியில் ஏற்கெனவே வால் இருந்தது. கொழுந்தனும் சில சமயம் தானே பிடுங்கி மாட்டுவதுண்டு. பலகையைப் பார்த்தார். காலி ஆணி எதுவும் இல்லை. கவரைக் கொடுத்தார்.

அந்த வண்டியின் இன்ஜின் மேம்பாலத்தின் இறக்கத்தில் இறுகி நின்றது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, ஓட்டியவர் தூக்கியெறியப்பட்டார். தோள்பட்டை எலும்பு முறிந்தது, உயிர் பிழைத்தார்.

மெக்கானிக் கவரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து டேப் ஒட்டும் மேசையில் வைத்தார். பக்கத்தில் அந்த ரப்பர் துண்டை வைத்தார்.

"அக்கா, இது உங்களுதுதானே?"

பெரியம்மா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "என்னுதுதான். வால் எங்க?"

அவர் பலகைக்குப் போய் ஒவ்வொரு வாலாகத் தூக்கினார். தின்னர் சொட்டச் சொட்டத் தலைகள் மேலே வந்தன. ஒன்று மட்டும் தலையில்லாமல் வந்தது. முனையில் குறடு கடித்த தடம்.

"தம்பி, இது வெட்டினது. பாரு."

கொழுந்தன் பவுடர் தெளிக்கும் கன்னின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "தின்னர்ல ஊறி ஊறி ரப்பர் கழண்டிருக்கும் அண்ணி. நீங்கதான் பாத்திருக்கணும்."

"பாத்திருக்கணும். வாலைப் பாத்தேன், தலையைப் பாக்கல. அது என் தப்பு. வெட்டினது யாரு? அதையும் சொல்லு. ரெண்டையும் சேத்துச் சொல்லு."

மெக்கானிக் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "எனக்கு யாருன்னெல்லாம் வேணாம். இனிமே நடக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"நடக்காது. இனிமே நானே பாத்துக்கறேன். அண்ணிக்குக் கண்ணு கொஞ்சம்..." என்றார் கொழுந்தன்.

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, மற்றவர்கள் முடித்துவிட்டார்கள்.

பெரியம்மா கொழுந்தன் குடும்பத்தோடுதான் இருந்தார். அன்று மாலை அந்த வீட்டில் அவரைச் சுற்றிக் கூடியவர்கள் கொழுந்தனும், அவர் மனைவியும், என் அம்மாவும். தவறு செய்தவரை நிறுத்திவிட்டோம் என்று சொன்னால் மெக்கானிக் தொடர்ந்து வருவார். பவுடர் தெளிப்பவரே தவறு செய்தார் என்றால் யாரும் வரமாட்டார்கள். கணக்கு அவ்வளவுதான். பெயர்ப்பலகையில் பெரியம்மாவின் பெயர் இல்லை. ஆகவே அவர் போனால் பலகைக்குக் கீறல் விழாது. "விட்டுக்குடு அக்கா. கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்தைதானே" என்றவர் என் அம்மா. அம்மாவை நான் இதிலிருந்து விலக்கி எழுத முடியாது.

"ஒரு வார்த்தைதான்னா அவன் சொல்லட்டும்" என்றார் பெரியம்மா.

மறுநாள் பட்டறைக்குப் போனபோது டேப் ஒட்டும் மேசையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா வாசலில் சற்று நின்றுவிட்டுத் திரும்பினார்.

சில நாட்கள் கழித்துக் கொழுந்தன் சமையலறை வாசலில் வந்து நின்றார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"நான்தான் அண்ணி வெட்டினேன். உங்களுக்குத்தான் தெரியுமே. அப்புறம் என்ன?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? மெக்கானிக்குக்குத் தெரியணும்."

"அவனுக்குத் தெரிஞ்சா பட்டறை போயிடும்."

"எனக்குப் போயிடுச்சே."

"உங்களுக்குச் சாப்பாட்டுக்கு என்ன குறை?" என்று கேட்டார் கொழுந்தன். பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு, பின்வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அதன்பின் அவர்கள் அதைப் பற்றிப் பேசியதாக இருவருமே சொல்லவில்லை.

பட்டறையில் வால் முறையை யாரும் கைவிடவில்லை. ஒரு திருத்தம் மட்டும் செய்தார்கள்: மாட்டுவதற்கு முன் தலையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குக் கொழுந்தனே இதைச் சொல்லிக் கொடுப்பார். "எங்க அண்ணி ஒருத்தங்க இருந்தாங்க. பாவம், கண்ணு தெரியாம உள்ளயே விட்டுட்டாங்க. ஒரு ஆள் சாகப் பாத்தான்." வாலை யோசித்தவர் யார் என்பதைச் சொல்ல அந்தக் கதையில் இடமில்லை.

பெரியம்மா ஒரு முறை மருந்துக் கடையில் அந்த மெக்கானிக்கைப் பார்த்தார். அவர்தான் முதலில் பேசினார். முன்பு அக்கா என்று அழைத்தவர் அன்று வேறு மாதிரி அழைத்தார்.

"எப்படிம்மா இருக்கீங்க? அதை மனசுல வெச்சுக்காதீங்கம்மா. வயசானா யாருக்கும் வர்றதுதான்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. வாலை வெட்டினது அவன்."

"சரிம்மா, சரி." அவர் பெரியம்மாவின் கையிலிருந்த மாத்திரை அட்டையை வாங்கி, எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று உரக்கப் படித்துக் காட்டினார். நல்ல மனிதர். பெரியம்மா அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகப் போகவில்லை. வேறொரு கடைக்குச் சுற்றிப் போனார்.

வீட்டில் அவருக்கு ஒரு வேலை ஒதுக்கப்பட்டது. கண் தெரியாதவர் என்று ஊரெல்லாம் சொன்ன அதே குடும்பம், பருப்பில் கல் பொறுக்கும் முறத்தை அவர் மடியில் வைத்தது. யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. ஒரு நாள் மதியம் கொழுந்தன் சாப்பிடும்போது, நல்ல மனநிலையில், "அண்ணி பொறுக்கினா ஒரு கல்லு தட்டுப்படாது" என்றார்.

"கண்ணு தெரியாதவ பொறுக்கினதுப்பா. பாத்து மெல்லு" என்றார் பெரியம்மா.

கொழுந்தன் அந்தச் சோற்றை மெதுவாக மென்று முடித்தார் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். கல் எதுவும் இருக்கவில்லை.

பெரியம்மா இறந்த அன்று மெக்கானிக் வந்திருந்தார். முதுமையால் அவரும் தளர்ந்திருந்தார். வண்டிகளைத் தன் ஆட்களிடம் விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. பட்டறையும் இடம் மாறிப் பெரிதாகியிருந்தது. ஒரு வார்த்தையால் இனி எதுவும் போய்விடப் போவதில்லை. வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் அவரும் கொழுந்தனும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"நல்ல கை. கண்ணு போனப்புறம் பாவம், ரொம்ப ஒடுங்கிட்டாங்க இல்ல?" என்றார் மெக்கானிக்.

"ஆமா" என்றார் கொழுந்தன்.