ஒத்தைச்சொல்லாரின் நாற்காலி

"ஒரு சொல்லுக்கு ஒரே சொல்லுதான். ரெண்டாவதா ஒண்ணு எழுதினேன்னா, என் நாற்காலியத் தூக்கி வராந்தாவுல போடுங்க."

கலைச்சொல் அலுவலகத்தின் ஆண்டுக் கூட்டத்தில், ஒலிவாங்கியை இரண்டு தட்டு தட்டிவிட்டு, தொகுதி ஆசிரியரான அவர் இப்படி முழங்கினார். தேநீர் வரத் தாமதமாகும் என்று தெரிந்திருந்ததால் சபை கொஞ்சம் தாராளமாகவே கைதட்டியது. அன்று முதல் அவர் ஒத்தைச்சொல்லார் ஆனார். முதுகுக்குப் பின்னால் தொடங்கிய பெயர், நாளடைவில் முகத்துக்கு நேராகவும் வந்து நின்றது. அவரும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

துறைதோறும் நிபுணர்கள் வெளிநாட்டுச் சொற்களோடு வருவார்கள். இவர் அவற்றுக்கு நம் மொழியில் பெயர் வைத்து அனுப்புவார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் வைத்தே தலை நரைத்த மனிதர். மின்விசிறி முனகலோடு சுற்றும், கோப்பு வரும், கோப்பு போகும். சலிப்பு அவருக்கு வந்து போகிற விருந்தாளி அல்ல. வீட்டோடு தங்கிவிட்ட மாமனார்.

அப்படியிருக்கும்போதுதான் டிம்பனம் என்ற சொல் வந்து சேர்ந்தது.

முதலில் கொண்டுவந்தவர் காது மருத்துவர். காதுக்குள் ஒலி வந்து மோதும் மெல்லிய சவ்வு என்றார். செவிப்பறை என்று எழுதிப் பேனாவை மூடினார் ஒத்தைச்சொல்லார். மூடிய பேனாவைத் திறக்க வைத்தவர் கட்டடப் பொறியாளர். பெரிய மாளிகைகளில் வாசல் உத்தரத்துக்கும் மேல் வளைவுக்கும் நடுவே சிற்பம் பதிக்க ஓர் இடம் விடுவார்களாம், அதற்கும் டிம்பனம்தான் பெயராம். விலங்கியல் பேராசிரியர் தவளைப் படத்தோடு வந்தார். கண்ணுக்குப் பின்னால் வட்டமாகத் தெரிகிறதே, அதுதானாம். போதாததற்குச் சிள்வண்டுக்கு அது முன்னங்காலில் இருக்கிறதாம். கடைசியாக வந்த இசை ஆசிரியர், செம்புக் குண்டான்மேல் தோல் கட்டிய முரசைச் சொல்லி, மற்றவர்கள் எல்லாரும் இதைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள் என்றார்.

ஒத்தைச்சொல்லாருக்கு உயிர் வந்தது. மூலம் முரசு என்றால் எல்லாவற்றுக்கும் பறை என்றே போட்டுவிடலாம். போட்டார்.

"சார், வரைபடத்துல வாசலுக்கு மேல பறைன்னு எழுதினா, மேஸ்திரி ஏணி போட்டு ஏறி ஒரு தட்டு தட்டிப் பாப்பாரு," என்றார் பொறியாளர்.

இயக்குநர் அம்மாள் பொறுமைசாலி. டிம்பனத்தால் நிற்கும் கலைச்சொல் தொகுதி மாதக் கடைசிக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும், போகாவிட்டால் இனி வரும் தொகுதிகளை உதவி ஆசிரியரிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அன்பாகவே சொன்னார். உதவி ஆசிரியர் ஒரு சொல்லுக்கு நான்கைந்து பொருளைக் காற்புள்ளி போட்டு வரிசையாக எழுதிக்கொண்டே போகிறவர். ஒத்தைச்சொல்லார் அவருக்கு வைத்த பெயர் காற்புள்ளிக்காரர். அந்த ஆளிடமா தொகுதி போவது? காலமெல்லாம் கட்டிக்காத்த விதியைக் காற்புள்ளியிடம் தாரை வார்ப்பதை விட ராஜினாமா மேல் என்று நினைத்தார். பிறகு ஓய்வூதியத்தை நினைத்தார். ராஜினாமாவை மறந்தார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவி சில வாரங்களாகப் பேச்சுக்குப் பதில் சொல்வதில்லை. சட்டை எங்கே என்று கேட்டால் ஜன்னலைப் பார்த்தபடி நிற்பாள். என்ன கோபம் என்று விசாரிக்காமலே பதிலுக்குக் கோபித்துக்கொள்வதில் அவருக்கு நெடுநாள் பயிற்சி உண்டு. அவரும் வாயை மூடிக்கொண்டார். ஒரு மாலை, அடுப்பில் பால் பொங்கி வழிந்து புஸ்ஸென்று இரைகிறது. அவளோ கையெட்டும் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கிறாள். திரும்பவே இல்லை. அடுப்பை அணைத்தவர், அவள் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை கைதட்டிப் பார்த்தார்; அதற்கும் திரும்பவில்லை.

மறுநாள் அதே காது மருத்துவரிடம் கூட்டிப்போனார். குழல் வைத்துப் பார்த்த மருத்துவர், சளி முற்றிச் சீழ் கோத்து, இடது காதில் செவிப்பறை கிழிந்திருக்கிறது, வலதும் நன்றாகவே மந்தம், மருந்தில் மூடலாம், மூடாவிட்டால் ஒட்டுப் போடலாம் என்றார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் மனைவி.

அவர் வலது காதருகே குனிந்து, "செவிப்பறை," என்றார்.

"அப்படின்னா?"

தானே வைத்த சொல். பறை என்று சுருக்கி, அச்சுக்குப் போகக் காத்திருக்கும் சொல். எதற்கும் ஒன்றுக்குமேல் ஒரு சொல்லும் தேவையில்லை என்று மேடையில் முழங்கியவரும் அவர்தான். அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காதுக்குள்ள ஒரு தோலும்மா. முரசுல இழுத்துக் கட்டுவாங்கல்ல, அந்த மாதிரி." போதவில்லை. "வாசலுக்கு மேல இடைவெளிய அடைச்சு வைப்பாங்கல்ல, அதுன்னு வச்சுக்கயேன்." அதுவும் போதவில்லை. "தவளைக்கு வெளியவே தெரியும். உனக்கு உள்ள இருக்கு. அது கிழிஞ்சுபோச்சு."

"காது கிழிஞ்சிருக்குன்னு சொன்னா ஆச்சு. இதுக்குத் தவளை எதுக்கு வருது?" என்றவள், மெதுவாகச் சொன்னாள்: "உங்க வாய் அசையும், சத்தம் வராது. ஏதோ கோவத்துல முணுமுணுக்கறீங்கன்னு நானும் விட்டுட்டேன்."

அவர் அவள் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவளுடைய வலப்பக்கமாக வந்து நடந்தார்.

மறுநாள் அலுவலகத்தில் டிம்பனத்துக்கு எதிரே செவிப்பறை என்று எழுதினார். ஒரு காற்புள்ளி போட்டார். பேனாவை மூடப்போனவர், திறந்தே வைத்துக்கொண்டார். வாசல்முகப்பு என்று எழுதி இன்னொன்று போட்டார். முரசுக்கு வரும்போது காற்புள்ளி தானாகவே விழுந்தது. சிள்வண்டின் காலுக்குத் தனியாக ஒரு வரியே ஒதுக்கினார். உதவி ஆசிரியர் தாளை வாங்கிப் படித்துவிட்டு அச்சுக் கட்டில் சேர்த்தார்.

ஒத்தைச்சொல்லார் எழுந்தார். நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் போட்டு உட்கார்ந்தார். காவலாளி ஓடிவந்து, "என்னய்யா இங்க வந்துட்டீங்க?" என்றார்.

"உள்ள புழுக்கமா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வராந்தாவில் மின்விசிறியே கிடையாது.