வெள்ளைத் தாளுக்கு ஒரு விளக்கக் கடிதம்

மாடியக்காவின் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். மொட்டை மாடிக்கு ஏறி வெள்ளைத் தாளை வைத்துவிட்டு வருவது, மறுநாள் ஏறி அதே தாளைக் கறுப்பாக எடுத்து வருவது. பதினொரு வருடமாக இதைத்தான் செய்துவந்தார். அவருக்கென்று ஒரு பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. ஆனால் அலுவலகத்திலும் சரி, சுகாதார நிலையத்திலும் சரி, மாடியக்கா என்றால்தான் ஆள் யாரென்று தெரியும்.

பேருந்து நிலையத்தை ஒட்டிய சுகாதார நிலையத்தின் மொட்டை மாடியில் இடுப்புயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி நிற்கும். உள்ளே மோட்டார். மேலே ஒரு சட்டம். அந்தச் சட்டத்தில் தாளை விரித்து, ரப்பர் விளிம்பு அழுந்தும்படி நான்கு திருகுகளையும் முடுக்கி, சுவிட்சைத் தட்டினால் அது இருபத்து நாலு மணி நேரம் ஊர்க்காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தூசி தாளிலேயே தங்கிவிடும். தாளை வைப்பதற்கு முன்பும் எடுத்த பின்பும் நிறுத்துப் பார்த்து, காற்றின் யோக்கியதை என்னவென்று அலுவலகத்தில் எழுதுவார்கள்.

நிறுக்கிறவர் தராசு சார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். தும்மினால் எடை மாறிவிடும் என்று எடை அறைக்குள் மூச்சையே தவணை முறையில் விடுவார். பதினொரு வருடத்தில் அவர் மாடிப் பக்கம் ஏறியதில்லை, அக்கா எடை அறைக்குள் நுழைந்ததில்லை. இடையில் ஜீப்காரர் கவர்களை வாங்கிப் போவார், புதுத் தாளைக் கொண்டுவருவார். ஒருவர் வேலையை இன்னொருவர் பார்க்காமலேயே எல்லாம் சுமுகமாக நடந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். புகையிலேயே புழங்கி மார்பு கெட்டுப்போன மனிதர். மூன்று தலையணைகளை அடுக்கி, பாதி உட்கார்ந்த வாக்கில்தான் தூங்குவார். "படுக்கிறதுக்கே படிக்கட்டு வேண்டியிருக்கு எனக்கு" என்று அவரே கேலி பேசிக்கொள்வார். காலையில் படுக்கையைச் சுருட்டும்போது தலையணை எத்தனை என்று அக்கா பார்ப்பார். மழைக் காலத்தில் இரண்டு, மற்ற நாட்களில் மூன்று. தராசு சார் தலையால் தண்ணீர் குடித்துக் கண்டுபிடிக்கிற கணக்கு இவர் வீட்டுப் பாயிலேயே கிடந்தது.

பிறகு அந்த நோய் வந்தது. ஊரடங்கு போட்டார்கள். பேருந்துகள் நின்றன, பணிமனைக்குப் பூட்டு விழுந்தது. சுகாதார நிலைய வாசலில் பரிசோதனைக்கு வந்தவர்கள் வெயிலில் ஆளுக்கொரு வட்டத்தில் நின்றார்கள். பின்கட்டில் கழிவு அடைத்த மஞ்சள் பைகள் மலையாகக் குவிந்தன. அள்ளிப் போக வேண்டிய வண்டி வாரத்துக்கு ஒருமுறைதான் வந்தது. காற்றடித்தால் பழைய முகக் கவசங்கள் படியேறி மாடிக்கே வந்துவிடும். அக்கா முதலில் துடைப்பத்தால் அவற்றைத் தள்ளி ஓரங்கட்டிவிட்டுத்தான் தாளைத் தொடுவார். மாடியிலிருந்து பார்த்தால் இதுவரை கண்ணில் படாத மலை ஒன்று தொலைவில் நீலமாக நின்றது. அதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷப்படவும் தோன்றவில்லை. கீழே அப்போதுதான் யாரோ அலறி அழுதுகொண்டிருந்தார்கள்.

அவருக்கு வேலைக்குப் போக அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார்கள். ஊரடங்கின் ஐந்தாம் நாள் தாளை எடுத்தவர் ஒரு நிமிடம் திகைத்துப் போனார். தாள் வெள்ளையாக இருந்தது. மறந்துபோய்ப் புதுத் தாளையே கையில் எடுத்துவிட்டோமோ என்று தாளின் மூலையில் இருந்த எண்ணைச் சரிபார்த்தார். எண் சரி. மோட்டாரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் இரைச்சல் தெருமுனை வரைக்கும் கேட்கிறது, அது என்ன சத்தம் என்று அக்கம்பக்கத்தார் விசாரிப்பதாகச் சாவி கொடுக்கிற நர்ஸம்மா சொன்னார். பதினொரு வருடமாகப் பேருந்து ஹாரனுக்குள் அமுங்கிக் கிடந்த இரைச்சல் அது.

நான்கு நாள் தொடர்ந்து வெள்ளைத் தாளாகவே போனது. ஐந்தாவது நாள் தராசு சார் போன் செய்தார்.

"என்னக்கா, மெஷின் ஓடுதா இல்லையா?"

"ஓடுது சார்."

"ஓடினா தாள்ல ஒண்ணும் காணோமே. வழக்கமா வர்றதுல அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல. வீட்லயே இருந்துட்டு தாளை மட்டும் அனுப்புறீங்களா?"

"சார், பஸ்ஸே ஓடல. காத்து நெஜமாவே..."

"பஸ் நின்னா பாதி குறையும், சரி. இவ்வளவு குறையுமா? மெஷின் ஓடின நேரம் காட்டுற மீட்டர் என்ன சொல்லுது?"

அந்த மீட்டர் ரிப்பேராகி இரண்டு வருடம் ஆகிறது. சரிசெய்யச் சொல்லி அக்கா மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். மூன்றும் எந்தக் கோப்பில் தூங்குகின்றன என்று கடவுளுக்கே வெளிச்சம்.

"நர்ஸம்மாவைக் கேளுங்க சார், சத்தம் ராப்பகலா கேக்குதுன்னு சொல்வாங்க."

"காதால கேட்டதை நான் எந்தத் தராசுல வைக்கிறது?" என்றார் அவர். மறுநாளே மெமோ வந்தது. பணியில் மெத்தனம், மூன்று நாளுக்குள் விளக்கம் தருக. மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தராசு சாரின் கையெழுத்து வேண்டும். வீட்டுக்காரருக்கும் பணிமனை மூடியதிலிருந்து சம்பளம் இல்லை. இந்த வேலையும் போனால் அடுப்பு எரியாது.

மெமோவைக் கொண்டுவந்த ஜீப்காரர்தான் வழி சொன்னார். நல்ல மனிதர், யார் கஷ்டப்பட்டாலும் தாங்கமாட்டார், யோசனை மட்டும் எப்போதும் கோணலாகவே வரும்.

"இதுக்குப் போய் ஏன்க்கா மண்டையை உடைச்சுக்கிறீங்க? அவருக்குக் கறுப்புதானே வேணும்? கைப்பிடிச் சுவர்ல பத்து வருஷத் தூசி கெடக்கு. ஒரு தேய் தேய்ச்சு அனுப்புங்க. கேட்டது கெடைச்சா ஆளு சும்மா இருப்பாரு."

அக்கா அவரைத் திட்டித்தான் அனுப்பினார். ஆனால் அன்று எடுத்த தாளும் வெள்ளையாக இருந்தபோது கை தன்னால் கைப்பிடிச் சுவருக்குப் போனது. துணியில் தூசியைத் தொட்டு, தாளின் மேல் வட்ட வட்டமாகத் தேய்த்தார். விளிம்பு வரைக்கும் பூசிவிட்டு, அதிகமானதை ஊதித் தள்ளினார். தினமும் பார்த்துப் பழகிய நிறம் ஓரளவு வந்துவிட்டது. மறுநாளும் அப்படியே செய்தார். பதினொரு வருடத்தில் காய்ச்சலோடும் மழையோடும் படியேறிய மனுஷி, தான் செய்ததைப் பார்க்கச் சகிக்காமல் கவரை வேகமாக ஒட்டினார்.

போன் வரவில்லை. மெமோவைப் பற்றிய பேச்சும் இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் காலையில் படுக்கையைச் சுருட்டப் போனால் பாயில் ஒரே ஒரு தலையணைதான் கிடந்தது. மற்ற இரண்டும் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. கல்யாணமான புதிதில் அவரை அப்படிப் படுத்துப் பார்த்தது. அக்கா தலையணையைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன, தலையணையைத் தூக்கிட்டுப் பிரார்த்தனையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் வீட்டுக்காரர். "நாலு நாளா இப்படித்தான் படுக்கிறேன். நீ ஏதோ கவலையிலயே இருந்துட்டு இன்னைக்குத்தான் பாக்கிற. பட்டறைக்குப் போகாததாலயும் இருக்கும், ஆனா காத்தும் நல்லா இருக்கு. உங்க ஆபீஸ்ல எவ்வளவுன்னு எழுதியிருக்காங்க?"

அக்காவால் பொய் சொல்ல முடியவில்லை. உண்மையும் வரவில்லை. "வழக்கம் போலத்தான்" என்றார்.

"வழக்கம் போலவா?" அவர் சிரித்தார். "அப்ப என் மூச்சுதான் பொய் சொல்லுதாக்கும்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்தது.

அன்று சாவி வாங்கும்போது, மூச்சுத்திணறலோடு வருகிறவர்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று நர்ஸம்மாவிடம் கேட்டார். குறைந்திருந்தால் அதையாவது விளக்கத்தில் எழுதலாம் என்ற நப்பாசை.

"பழைய இழுப்புக்காரங்க பாதிப் பேர் வரல" என்றார் நர்ஸம்மா. "ஆனா காத்து நல்லாருக்குன்னு வரலையா, இங்க வந்தா நோய் ஒட்டிக்கும்னு பயந்து வரலையான்னு எனக்குத் தெரியாது. பயந்து வராம வீட்லயே செத்தவங்களும் இருக்காங்க. என் பதிவேட்டை வெச்சு எதையும் எழுதிடாதீங்க. உங்க தாள் என்ன சொல்லுதோ அதை எழுதுங்க."

அக்கா மாடிக்கு ஏறினார். தாள் வெள்ளை. கை மறுபடியும் கைப்பிடிச் சுவர் பக்கம் போனது. போன கையை இழுத்துக்கொண்டு, தாளைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

அப்போதுதான் பார்த்தார். தாளின் நடுப்பகுதி லேசான சாம்பல் நிறம், பால் கலந்தது போல ஒரே சீராக. சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குச் சுத்த வெள்ளை. ரப்பர் அழுத்திய இடத்தில் காற்று போக முடியாது, அதனால் தூசியும் படியாது. மெஷின் ஓடாமல் இப்படி ஒரு ஓரம் விழவே விழாது. வழக்கமான கரியில் இது பளிச்சென்று தெரியும், தெரிவதாலேயே யாரும் கவனிப்பதில்லை. வெள்ளைத் தாளில் வெளிச்சத்துக்குப் பிடித்தால்தான் தெரிகிறது. அவர் தேய்த்து அனுப்பிய இரண்டு தாளில் இந்த ஓரமே இல்லை, விளிம்பு வரை பூசிவிட்டாரே.

தன்னைக் காப்பாற்றுகிற சாட்சி கையிலேயே இருந்தது. அதைக் காட்டினால் அந்த இரண்டு தாளின் குட்டும் சேர்ந்தே வெளிப்படும். வெளியே சொல்லாவிட்டால் வேலை நிலைக்கும், காற்று என்றைக்கும் போல அழுக்காக இருந்ததாகப் பதிவாகும். அக்கா படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு தாளைக் கவரில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தார்.

உள்ளே விடவில்லை. நோய்க் கட்டுப்பாடு. எடை அறை ஜன்னலுக்குப் பத்தடி தள்ளி, முற்றத்தில் நிற்கச் சொன்னார்கள். தராசு சார் கண்ணாடிக்குப் பின்னால் முகக் கவசத்தோடு வந்து நின்றார். அவருக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டும். காதும் காதும் வைத்தாற்போல் சொல்ல வேண்டிய விஷயத்தை முற்றமே கேட்கும்படி அக்கா கத்தினார்.

"சார்! கடைசி ரெண்டு தாளும் பொய் சார்! சுவத்துத் தூசியை நான்தான் தேய்ச்சேன்! அதுக்கு முன்னாடி வந்த வெள்ளைத் தாளெல்லாம் நெஜம்! வெளிச்சத்துல பிடிச்சு ஓரத்தைப் பாருங்க சார்!"

மரத்தடியில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த ஜீப்காரர் சட்டென்று ஜீப்புக்கு அடியில் ஏதோ தேடப் போய்விட்டார்.

தராசு சார் அக்கா சொன்னபடி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பக்கத்தில் ஒரு புதுத் தாளைப் பிடித்தார். ஒன்றில் ஓரம் இருந்தது, மற்றதில் இல்லை. அடுத்த வெள்ளைத் தாளை எடுத்தார், அதற்கடுத்ததையும் எடுத்தார். எல்லாவற்றிலும் ஓரம் இருந்தது. கடைசியாகத் தேய்த்த தாள்களை எடுத்தார். வட்ட வட்டமாகத் துணித் தடம், விளிம்பு வரைக்கும் அழுக்கு. எடை அறை மேஜையில் பொலபொலவென்று மணல் உதிர்ந்தது. சிறு பிள்ளைக்குக் கூடப் புரிந்திருக்கும்.

"இந்த ரெண்டுக்கும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். முகக் கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு, இந்தத் தடவை அவர் கத்தினார். "இந்த ரெண்டுக்கும் சரின்னு நேத்தே கையெழுத்து போட்டுட்டேன்க்கா!"

கையிலிருந்த தாளை மேஜையில் வைத்தார்.

"கறுப்பா இருந்துச்சு, பாக்காமலே போட்டுட்டேன்" என்றார் அவர், அக்காவுக்குக் கேட்டதோ இல்லையோ.

அவர் மோசமான மனிதர் இல்லை. முறை தவறாத மனிதர், அவ்வளவுதான். முறைப்படியே எல்லாம் நடந்தது. வெள்ளைத் தாள்கள் அத்தனையும் பதிவேட்டில் ஏறின. அந்த இரண்டு நாளுக்கு எதிரே வெறும் கோடு. அக்காவிடம் எழுதி வாங்கிக்கொண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் பதில் மூன்று மாதம்தான் கிடைத்தது. மெமோவை ரத்து செய்யவில்லை. ஆனால் அடுத்த வாரமே ஓடின நேரம் காட்டும் மீட்டரைப் புதிதாக மாட்டினார்கள். மாட்ட வந்தவனோடு தராசு சாரும் முட்டி வலியோடு முதல் முறையாகப் படியேறி வந்தார். வந்தவர் பெட்டியை விட்டுவிட்டு, வெகுநேரம் அந்த நீல மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரடங்கைத் தளர்த்தினார்கள். பேருந்துகள் ஒவ்வொன்றாக வந்தன, பணிமனை திறந்தது, வீட்டுக்காரர் வேலைக்குப் போனார். மலை மங்கியது. நாலாவது வாரம் அக்கா எடுத்த தாள் பழைய கறுப்புக்கே வந்திருந்தது. ஒரு மாதத்தில் ஐந்து மடங்கு. அக்கா கவரை அனுப்பிவிட்டு, போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். இத்தனை பெரிய மாற்றத்துக்கு யாராவது காரணம் கேட்பார்கள் என்று நினைத்தார். இரண்டு நாள் ஆயிற்று. அவரே கூப்பிட்டார்.

"சார், தாளைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்க்கா. ஓரம் கூடப் பாத்தேன். சரியா இருக்கு."

"விளக்கம் எதுவும் எழுதித் தரணுமா சார்?"

"இதுக்கு எதுக்குக்கா விளக்கம்? எப்பவும் வர்றதுதானே."

அக்கா போனை வைத்தார். அன்று பணிமனையிலிருந்து வந்த வீட்டுக்காரர் குளித்துவிட்டு நேரே படுக்கப் போனார். பாயில் ஒரு தலையணை இருந்தது. அவர் படுத்துப் பார்த்தார், எழுந்தார், சுவரோரம் இருந்து இன்னொன்றை இழுத்தார். மறுபடி படுத்தார், மறுபடி எழுந்து உட்கார்ந்து இருமினார். கேலி எதுவும் பேசவில்லை.

மூன்றாவது தலையணையை அக்காவே எடுத்துவந்து அவர் முதுகுக்குக் கொடுத்தார்.