ஒயரைப் பிடுங்கிய கல்யாணம்

எழுபதுகளின் நடுவில் நான் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரத்துக் கல்யாணங்களில் பேஸ் கிடார் வாசிப்பேன். ஹார்பரில் வேலை பார்த்த என் மச்சான், கப்பல்காரன் ஒருவனிடமிருந்து ஓர் இசைத்தட்டு வாங்கி வந்து கொடுத்தான். அமெரிக்கக் கறுப்பர்களின் ஆட்ட இசை, ஃபங்க் என்றார்கள். அதில் பேஸ்தான் முன்னால் போகும், மற்றதெல்லாம் பின்னால் வரும். தாளத்தின் முதல் எண்ணிக்கையில் ஓங்கி ஓர் அடி, அப்புறம் கொஞ்சம் மௌனம், அந்த மௌனத்துக்குள் கட்டைவிரலால் ஒரு தட்டு. ஏழு மாதம் அதையே பழகினேன். புதுக் கம்பி கிடைக்காது. பழையதைக் கழற்றித் தண்ணீரில் கொதிக்கவைத்தால் ஒலி கொஞ்சம் தெளியும்.

"சோறாக்குற குண்டான்ல கம்பிய வேவ வெச்சிகினு கீறியே, உனுக்கு இன்னா பைத்தியமா?" என்பாள் மனைவி.

எங்கள் குழுத் தலைவர் அக்கார்டியன் வாசிப்பவர். "பேஸ எவன்யா கேக்கறான்? பின்னாடி நின்னு டொம் டொம்முனு வாசி, போதும்" என்பார்.

ஒரு மத்தியானம், மாதா கோயில் ஹாலில் கல்யாண விருந்து. மூன்றாவது பாட்டில் எனக்குப் பொறுக்கவில்லை. பழகியதை எடுத்துவிட்டேன். டிரம்ஸ்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான், அவனும் சேர்ந்துகொண்டான். அரை நிமிஷம்தான் இருக்கும். ஆடிக்கொண்டிருந்த ஜோடிகளுக்குக் கால் தடுமாறியது. மாப்பிள்ளையின் அப்பா மேடையை முறைத்தார். தலைவர் வாசிப்பை நிறுத்தாமலே பின்னால் நகர்ந்து வந்து, ஆம்ப்ளிஃபையரிலிருந்து என் ஒயரைக் காலால் இழுத்துவிட்டார்.

இத்தனை பேர் பார்க்கும்போது இறங்கிப் போகவும் முடியாது. மீதி ஆறு பாட்டுக்கும் சத்தம் வராத கிடாரை வாசித்தபடி நின்றேன்.

முடிந்ததும் பெண்ணின் சித்தப்பா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மொதல்ல கொஞ்சம் பேஜாராக்கிட்ட நைனா. அப்பால சூப்பரா வாசிச்ச!"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தலைவரிடம் போய்க் கத்தினேன். அவர் அக்கார்டியனைப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னார்: "ஜனங்க ஆட வந்துகீறாங்க மாமு. உன் வித்தைய பாக்க வர்ல."

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு திருவொற்றியூரில் ஒரு கல்யாணம். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். ஆம்ப்ளிஃபையர் அவருடையது, பேஸுக்கு இடம் கொடுத்த வேறு குழுவும் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆறு வருஷம் அவர் பின்னால் நின்று டொம் டொம் என்று வாசித்தேன். மேடையில் நான் பல்லைக் கடித்துக்கொண்டே நிற்கிறேன் என்று டிரம்ஸ்காரன் சொன்னபோதுதான், வீடு திரும்பும்போதெல்லாம் தாடை ஏன் வலிக்கிறது என்று புரிந்தது.